சோல், நாட்டார் இசை: அண்மைத் தொகுப்புகளில் முழுதாகக் கேட்கத் தக்கவை எவை?

தெம்பனிஸ் பயணி:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் இசையை எனக்குப் பழக்கியவை சாம் குக், ஓட்டிஸ் ரெடிங், அரீத்தா ஃபிராங்க்ளின் ஆகியோரின் குரல்கள். நாட்டார் இசை என்றால், முதலில் வீட்டில் ஒலிநாடாக்களாக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனின் பாடல்கள். பிறகு நானாகத் தேடிச் சென்ற பீட் சீகரும் நிக் டிரேக்கும். இவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் எனக்குச் சலிப்பில்லை என்றாலும், நம் காலத்தில் பாடிக்கொண்டிருப்பவர்களை அறியாமல் இருப்பது ஒரு குறையாகவே படுகிறது. இசைச் செயலிகளின் பரிந்துரைகளால் பயனில்லை. ஒரு பழைய பாடலைக் கேட்டால், அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு பழைய பாடலைத்தான் அவை எடுத்து நீட்டுகின்றன.

ஆகவே இங்கே கேட்கிறேன். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்தவற்றுள், முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை இடைவிடாமல் கேட்கத் தக்க தொகுப்புகள் எவை? ஒரு நல்ல பாட்டும் மீதி இட்டு நிரப்பியவையுமாக உள்ள தொகுப்பு வேண்டாம். வேலைக்காக இங்கே சிங்கப்பூரில் தெம்பனிசிலிருந்து ஜூரோங்கிற்கு நாள்தோறும் ரயிலில் போய் வருகிறேன். ஒரு தொகுப்பைக் கேட்டு முடிக்க அந்தப் பயணம் போதும். மொழி எதுவாக இருந்தாலும் தடையில்லை.

லியோன் பிரிட்ஜஸின் ‘கமிங் ஹோம்’ (2015) கேட்டிருக்கிறேன். குரல் அருமை. ஆனால், 1962இல் பதிவானது என்று யாராவது சொல்லியிருந்தால் அப்படியே நம்பியிருப்பேன். அந்த அளவுக்கு எல்லாமே பழைய அச்சில் வார்த்தெடுக்கப்பட்டிருந்தது. இப்போது வரும் சோல் இசை எல்லாம் இப்படித்தானா என்ற ஐயத்தையும் தெரிந்தவர்கள் தீர்த்து வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முப்பத்துமூன்று சுற்று:

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானதுதான். ஆனால், பழைய முறையில் பதிவு செய்வதையும் பழையதை நகலெடுப்பதையும் ஒன்றாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொடங்கப்பட்ட டாப்டோன் இசைத்தட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குரல் கொடுத்த ஷாரன் ஜோன்ஸ், தம் முதல் தொகுப்பு வெளிவந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். அதற்கு முன் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகப் பணியாற்றியவர். சார்ல்ஸ் பிராட்லியோ ஜேம்ஸ் பிரவுனைப் போல் வேடமிட்டு மேடைகளில் பாடிப் பிழைத்தவர். அவருடைய முதல் தொகுப்பான ‘நோ டைம் ஃபார் டிரீமிங்’ 2011இல் வந்தபோது அவருக்கு வயது 62. இளமையில் வாய்ப்புக் கிடைக்காத இருவர், அந்த இளமைக் காலத்து இசையை எடுத்துக்கொண்டே தங்கள் பிற்கால வாழ்க்கையைப் பாடினார்கள். இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷாரன் 2016இலும் சார்ல்ஸ் 2017இலும் புற்றுநோயால் மறைந்தார்கள். ஷாரனின் மறைவுக்குப் பிறகு வந்த ‘சோல் ஆஃப் எ வுமன்’ (2017) அவர் நோயோடு போராடிக்கொண்டிருந்தபோது பாடியது. சோர்வைத் தேடிக் கேட்டாலும் அந்தக் குரலில் அது அகப்படாது.

அதே நிறுவனத்தின் கலிஃபோர்னியக் கிளையான பென்ரோஸ் வழியாக வந்த தீ சேக்ரட் சோல்ஸ் குழுவின் முதல் தொகுப்பும் (2022) நன்று. மென்மையான காதல் பாடல்கள், வேறொன்றுமில்லை.

ஆயினும், உங்கள் கேள்விக்கு நேரான விடை மைக்கேல் கிவானுக்காதான். உகாண்டாவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். ‘லவ் அண்ட் ஹேட்’ (2016) தொகுப்பின் முதல் பாடல் பத்து நிமிடம் நீள்கிறது. தந்தி வாத்தியங்களும் கிட்டாரும் கூட்டுக் குரல்களும் ஏறத்தாழப் பாதிப் பாடலைத் தாமே நடத்திச் சென்ற பிறகுதான் அவர் வாய் திறக்கிறார். ஆலாபனையைப் பொறுமையாகக் கேட்டுப் பல்லவிக்காகக் காத்திருக்கப் பழகிய நமக்கு அந்தக் காத்திருப்பு கடினமாக இராது. அடுத்து வந்த ‘கிவானுக்கா’ (2019) பிரிட்டனின் சிறந்த இசைத்தொகுப்புக்கான மெர்குரி பரிசை 2020ஆம் ஆண்டில் பெற்றது. அதில் ஒரு பாடல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது பல இடங்களில் தெரியாதபடி இழைத்திருக்கிறார்கள், ஆகவே ஜூரோங் வரும்வரை கைபேசியைத் தொட உங்களுக்குத் தோன்றாது. ‘ஸ்மால் சேஞ்சஸ்’ (2024) இவ்விரண்டையும்விட அடக்கமானது. முதலில் அதைக் கேட்டால் சற்று ஏமாற்றமாக இருக்கும், இவற்றுக்குப் பிறகு கேட்டால் மிக நெருக்கமாகிவிடும்.

பொங்கோல் வாசகி:

மேலே எழுதியவரின் ஈடுபாடு புரிகிறது. ஆனால், டாப்டோன் வழிவந்த குழுக்களை வரிசையாகக் கேட்டால் நான்காவது, ஐந்தாவது குழுவில் அலுத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஷாரனும் சார்ல்ஸும் விதிவிலக்குகள். அவர்களின் வாழ்க்கை அந்த இசைக்குள் இருந்தது. அவ்வளவு வாழ்ந்திராத இருபது வயதினர் அதே ஊதுகுழல்களையும் அதே எதிரொலியையும் வைத்துக்கொண்டு பாடும்போது, தெம்பனிஸ் பயணிக்கு ஏற்பட்ட அதே ஐயம் எனக்கும் ஏற்படுகிறது.

லண்டனின் சால்ட் குழுவைக் கேளுங்கள். பெரும்பாலும் முகம் காட்டுவதில்லை, நேர்காணல் தருவதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்துப் போராட்டங்கள் பரவியிருந்த 2020 ஜூன் மாதத்தில் ‘அன்டைட்டில்டு (பிளாக் இஸ்)’ தொகுப்பை வெளியிட்டார்கள்; சில மாதங்களில் ‘அன்டைட்டில்டு (ரைஸ்)’ வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்: முதலாவது துக்கம், இரண்டாவது அந்தத் துக்கம் எழுந்து ஆடுவது. 2021இல் வந்த ‘நைன்’ தொகுப்பை 99 நாள்களுக்குப் பிறகு இணையத்திலிருந்து தாங்களே எடுத்துவிட்டார்கள். 2022 நவம்பரிலோ ஒரே நாளில் ஐந்து தொகுப்புகளைக் கடவுச்சொல்லிட்ட கோப்பாக இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த ஐந்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பொறுக்கி எடுத்திருந்தால் இரண்டு நல்ல தொகுப்புகள் தேறியிருக்கும். இக்குழுவின் தயாரிப்பாளரான இன்ஃப்லோ, மேலே சொல்லப்பட்ட ‘கிவானுக்கா’ தொகுப்பின் தயாரிப்பாளர்களுள் ஒருவர் என்பதால், இரண்டுக்கும் இடையே உள்ள உறவைக் கேட்டதும் உணர்வீர்கள். குழுவில் பாடும் கிளியோ சோலின் ‘மதர்’ (2021) தனியாகக் கேட்க வேண்டியது. தாய்மையைப் பற்றிய தொகுப்பு என்றாலும் அதில் இனிப்பு மிகுதியில்லை.

சுருதிப்பெட்டி:

கேள்வியின் இரண்டாம் பாதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் நான் தொடங்குகிறேன். சோல் இசையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாட்டார் இசை திண்ணையிலேயே நின்றுவிடுவது வழக்கம்தான்.

டப்ளின் நகரைச் சேர்ந்த லங்கம் குழுவின் ‘ஃபால்ஸ் லங்கம்’ (2023), கடந்த பத்தாண்டுகளில் நாட்டார் இசையில் நான் கேட்ட மிகச் சிறந்த தொகுப்பு. காதல், கொலை, கடல் என்று அந்த நிலத்தில் வழிவழியாகப் பாடப்பட்டு வந்த கதைப்பாடல்களே பெரும்பான்மை. முதல் பாடல், காதலில் கைவிடப்பட்ட பெண் தனக்குக் குழி வெட்டச் சொல்வது. ஏறத்தாழ ஒன்பது நிமிடம். ரேடி பீட் என்னும் பாடகி எவ்வித அலங்காரமும் இல்லாமல், சற்றுக் கரகரத்த குரலில் பாடத் தொடங்குகிறார். அவருக்குப் பின்னால் ஆர்மோனியம், கான்செர்டினா என்னும் சிறு கைத்துருத்தி வாத்தியம், துருத்தியால் ஊதப்படும் அயர்லாந்துக் குழல் ஆகியவை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நாகசுரத்துக்குப் பின்னே ஒத்து ஊதுபவர் மட்டும் மெல்ல மெல்ல ஓங்கி, கடைசியில் கூடத்தையே நிரப்பிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி அந்த ஒற்றைச் சுரம் வளர்ந்து பாட்டை விழுங்கிவிடுகிறது. ஒப்பாரியைக் காதால் கேட்டிருப்பவர்களுக்கு இது அந்நியமாக இராது. இதை ரயிலில் கேட்க வேண்டாம். தண்டவாள இரைச்சலில் அந்தக் கீழ்ச் சுரங்கள் காணாமல் போய்விடும். வீட்டில் ஒலிபெருக்கியில் கேளுங்கள், ஆனால் வீவக அடுக்குமாடிச் சுவர்களின் தடிமனையும் அண்டை வீட்டாரின் தூக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அமெரிக்கப் பாடகி ரியானன் கிடன்ஸ். பான்ஜோவை அமெரிக்க வெள்ளையரின் கிராமத்துக் கருவி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த கருவி மரபிலிருந்து உருவானது என்பதை மேடை மேடையாக வாசித்தே காட்டி வருபவர் இவர். 2025இல் ஜஸ்டின் ராபின்சனுடன் சேர்ந்து ‘வாட் டிட் த பிளாக்பர்ட் சே டு த குரோ’ என்ற தொகுப்பை வெளியிட்டார். ஒரு பான்ஜோ, ஒரு பிடில், அவ்வப்போது இரு குரல்கள். இருவருக்கும் ஆசானாக விளங்கியவர், வட கரோலைனாவின் முதுபெரும் பிடில் கலைஞரும் 2012இல் மறைந்தவருமான ஜோ தாம்சன். அவர் வாழ்ந்த வீடு உள்ளிட்ட இடங்களில், திறந்த வெளியிலேயே ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைகளும் சில்வண்டுகளும் பின்னணியில் இரைந்துகொண்டே இருக்கின்றன. யாரும் அதைத் துடைத்தெடுக்க முயலவில்லை. ஆசான் பாட்டைக் கொடுத்த இடத்திலேயே அதைத் திரும்பப் பாட வேண்டும் என்று இருவரும் எண்ணியது குருகுல மரபை அறிந்த நமக்கு விளக்காமலே புரியும்.

இங்கிலாந்தின் ஷர்லி காலின்ஸ் பாடும் குரலையே இழந்து பல்லாண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தவர். 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 81ஆம் வயதில், ‘லோட்ஸ்டார்’ (2016) என்ற தொகுப்பைத் தம் வீட்டிலேயே பதிவு செய்து வெளியிட்டார். இளமையில் அவருக்கிருந்த தெளிந்த குரலைத் தேடிப் போனால் ஏமாற்றமே. இது தாழ்ந்த, தழுதழுத்த முதுமைக் குரல். கொலைச் செய்தியைக்கூடப் பக்கத்து ஊர்ச் சேதிபோல் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் பற்றின்மைதான் அவருடைய கலை.

கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் பாடிய ‘வுட்லண்ட்’ (2024) பாதுகாப்பான தேர்வு. பிடிக்காமல் போக வாய்ப்பே இல்லை. நம் உட்லண்ட்ஸ் வட்டாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2020ஆம் ஆண்டுச் சூறாவளியில் சேதமடைந்த அவர்களின் நாஷ்வில் பதிவுக்கூடத்தின் பெயர் அது.

நீலாம்பரி:

மொழி தடையில்லை என்று அன்பர் எழுதியிருந்தார். ஆனால் தமிழையே இன்னும் யாரும் தொடவில்லை.

சால்ட் குழுவைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அக்குழு 2023 டிசம்பரில் லண்டனில் முதன்முறையாக மேடையேறியபோது அதில் பாடியவர்களுள் ஒருவர், நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா துரைசாமி. அவருடைய ‘ஐக்கியம்: ஒன்னு’ (2018) ஜாஸ் உலகின் புகழ்பெற்ற பழைய பாடல்களைத் தமிழில் பாடிய தொகுப்பு. ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ (2024) அதைவிடப் பெரிய முயற்சி. ஹூஸ்டன் நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஒன்றுகூட்டி, வழிபாட்டுக் கூடுகைபோல் நடத்திப் பதிவு செய்தது. ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ அங்கே பஜனைக் குழுவின் வாய்க்குள் புகுந்து வேறொரு வடிவில் வெளிவருகிறது. இதைச் சோல் என்பதா, பக்தி இசை என்பதா, ஜாஸ் என்பதா என்று கடைக்காரர்கள் கவலைப்படட்டும். 2025இல் வந்த ‘நிலம்’ ஆரவாரம் அற்றது. பெரும்பாலும் குரல், ஹார்ப், டபுள் பேஸ் மட்டுமே. எங்கே தொடங்குவது என்று கேட்டால் ‘நிலம்’ என்பேன். பெரிய தொகுப்பைப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர்ப் பின்னணி கொண்ட தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த சுசீலா ராமனின் ‘வேல்’ (2011), முருகன் பாடல்களை மின்கிட்டாரோடும் தாளவாத்தியங்களோடும் முட்டவிட்ட தொகுப்பு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடந்திருப்பவர்கள், இதில் உள்ள வெறியை உடனே அடையாளம் காண்பார்கள். சில இடங்களில் உச்சரிப்பு நெருடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘கோஸ்ட் கமெலான்’ (2018) தொகுப்பில் அவர் ஜாவாவின் கமெலான் என்னும் வெண்கலத் தாளவாத்தியக் குழு இசைக் கலைஞர்களோடு சேர்ந்திருக்கிறார். இந்தோனேசியாவுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நாம் அதை இவ்வளவு குறைவாகக் கேட்டிருப்பது வியப்பாக இருக்கிறது.

தேவாலயப் பாட்டும் பஜனையும் எங்கே சந்திக்கின்றன என்று அறிய விரும்பினால் ஜான் கோல்ட்ரேனின் மனைவியும் ஜாஸ் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேனின் ஆசிரமப் பதிவுகளைக் கேளுங்கள். டெட்ராய்ட் தேவாலயங்களில் வாசித்து வளர்ந்த அவர், பிற்காலத்தில் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, அங்கிருந்தவர்களோடு பாடி, ஒலிநாடாக்களாக அவர்களுக்குள் மட்டும் வழங்கிவந்த பாடல்கள் 2017இல் ஒரு தொகுப்பாக வந்தன. பதிவு பழையதுதான், ஆனால் உலகின் கைக்கு வந்தது அண்மையில் என்பதால் உங்கள் நிபந்தனைக்குள் அடங்கும் என்று கருதுகிறேன். ஒருவர் பாட, கூட்டம் வாங்கிப் பாடும் முறை இரண்டு மரபுகளுக்கும் பொது. கை தட்டும் இடம்தான் மாறுகிறது.

சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் பிரியா ரகுவின் ‘சந்தோசம்’ (2023) துள்ளலான தொகுப்பு. இடையிடையே தமிழ் வருகிறது. முழுதாகக் கேட்க எனக்கு முடியவில்லை, ஆனால் இளையவர்களுக்குப் பிடிக்கும்.

உறுமிக்காரன்:

நீலாம்பரி அம்மையாரின் பட்டியல் அருமையானது. ஒன்றை மட்டும் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன்: அவற்றுள் பெரும்பாலானவை வழிபாட்டைச் சுற்றியே வருகின்றன. சோல் இசை தேவாலயத்தில் பிறந்தது உண்மையென்றாலும், அது தெருவுக்கு வந்த பிறகுதான் சோல் ஆயிற்று. அந்தத் தெருப் பாதையில் தமிழில் யார் நடக்கிறார்கள் என்று பார்த்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நாட்டார் பாடகர் கே. ஏ. குணசேகரன். 2016இல் மறைந்த அவருடைய பாடல்களைப் புதியவை என்று சொல்ல முடியாது. ஆனால் கவிதையாய் அச்சிலிருந்த, கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’வைப் பறையோடு அவர் பாடியதைக் கேட்காமல், இன்று வருபவற்றை எடைபோட முடியாது.

2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற தொடரிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அக்குழுவிலிருந்து வந்த அறிவின் ‘தெருக்குரல்’ (2019) சினம் மிகுந்தது. அவருடைய ‘வள்ளியம்மா பேராண்டி’ (2024), இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியிருக்கிறது. ராப் என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். பாட்டியிடமிருந்து பேரனுக்கு வந்த வாய்மொழிப் பாட்டை நாட்டார் இசை என்னாமல் வேறென்னவென்று சொல்வது?

நம் ஊரின் நிலைதான் வருத்தமளிக்கிறது. இங்கே உறுமி மேளக் குழுக்களுக்குக் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. ஆனால், அவர்களின் வாசிப்பு பெரும்பாலும் கைபேசிக் காணொளிகளாகச் சுற்றி மறைந்துவிடுகிறது. ரியானன் கிடன்ஸ் ஒரு ஒலிவாங்கியை முற்றத்தில் வைத்துச் செய்ததை இங்கேயும் செய்ய முடியும்; பாசிர் ரிஸ் பூங்காவின் சில்வண்டுகள் வட கரோலைனாவின் சில்வண்டுகளுக்குச் சளைத்தவை அல்ல.

தெம்பனிஸ் பயணி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ‘லவ் அண்ட் ஹேட்’ கேட்டுவிட்டேன். காத்திருக்க வைத்தது உண்மை, காத்திருந்தது வீணாகவில்லை என்பதும் உண்மை. ‘நிலம்’ இரவில் கேட்டேன். பொங்கோல் வாசகி குறிப்பிட்ட ‘ரைஸ்’ தொகுப்பின் முற்பகுதி பிடித்தது, பிற்பகுதிக்கு இன்னும் பழகவில்லை. ‘ஃபால்ஸ் லங்கம்’ தொகுப்பைச் சுருதிப்பெட்டி ஐயா எச்சரித்தும் ரயிலில் போட்டுப் பார்த்தேன். பாயா லேபார் வருவதற்குள் நிறுத்திவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். ‘வள்ளியம்மா பேராண்டி’ அடுத்தது.

இவற்றுள் சிலவற்றையாவது விலை கொடுத்து வாங்க விரும்புகிறேன். இசைத்தட்டாக வாங்குவதா, கோப்பாக வாங்குவதா, எங்கே வாங்குவது என்று யாராவது வழிகாட்ட முடியுமா?

முப்பத்துமூன்று சுற்று:

கலைஞருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கமென்றால் கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பாண்ட்கேம்ப் தளத்தில் கோப்பாக வாங்குங்கள். டாப்டோன் கலைஞர்கள், லங்கம், கானவ்யா ஆகியோரின் தொகுப்புகள் அங்கே உண்டு. சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமையில் அத்தளம் விற்பனையில் தன் பங்கைக் கலைஞருக்கு விட்டுக்கொடுத்துவிடும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி கணக்கிடுவதால், நமக்கு அது வெள்ளி பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்குத் தொடங்கி மறுநாள் அதே நேரத்தில் முடியும். வெள்ளி காலையில் அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம்.

இசைத்தட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டின் விலையைவிட அஞ்சல் செலவு உறுத்தும். 2023 முதல் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள், சேவை வரியை வசூலிக்கிறார்கள், இப்போது அது 9 விழுக்காடு. அஞ்சல் செலவைக் குறைக்க, ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்குவதே சிக்கனம். அதற்கு முன் அடெல்ஃபி கட்டடத்தின் கடைகளில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கிவானுக்காவோ ஷாரன் ஜோன்ஸோ அகப்பட வாய்ப்புண்டு, லங்கம் கிடைத்தால் எனக்கும் தெரிவியுங்கள். வாங்கியதை நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கவைத்தால் வளைந்துவிடும். உறைக்குள் பூஞ்சை பிடிப்பது நம் ஊர் ஈரப்பதத்தில் மிக எளிது என்பதால், ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்றை அலமாரிக்குள் வைப்பது நல்லது.